இருபத்திரண்டு சான்றிதழ்கள்

மார்ச் 3, 2025, திங்கள்
ஆனேக்கல்லில் பஸ் இறங்கி வரும்போதே சேர்மன் கோவிந்தப்பாவின் கார் கல்லூரி வாசலில் நின்றது. என் மேஜையில் இருபத்திரண்டு பயிற்சிச் சான்றிதழ்கள். இந்த மாணவர்கள் பதினாறு வாரம் பள்ளியில் பாடம் நடத்தினார்கள் என்று பிரின்சிபாலாக நான் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர்கூட ஒரு நாளும் எந்தப் பள்ளிக்கும் போகவில்லை.

"பி.எட். காலேஜ்னா எல்லா கடையும் இப்படித்தான் மேடம். பதினாலாம் தேதி யூனிவர்சிட்டி டீம் வருது. அதுக்குள்ள முடிச்சுடுங்க," என்றார் கோவிந்தப்பா.

யோசிக்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது?

மார்ச் 5
போடவில்லை.

மார்ச் 7
கோவிந்தப்பா ஒரு பழைய ஃபைலை என் பக்கம் தள்ளினார். இரண்டு வருடம் முன்பு மூன்று பேருக்கு நான் போட்ட பொய்க் கையெழுத்து.

பதினொரு மாணவர்களோடு நான் முதல் பிரின்சிபாலாக ஆரம்பித்த கல்லூரி. நான் அதைப் போட்ட வருடம் சேர்க்கை குறைந்து, இன்னும் மூன்று பேர் போனால் கல்லூரியையே மூடிவிடுவார்கள் என்ற பேச்சு. மூன்றுதானே என்று போட்டேன்.

"அப்ப யோசிக்கலயே மேடம்?"

யோசித்தேன். அவருக்குத் தெரியாது.

மார்ச் 9, ஞாயிறு
சௌம்யா பெங்களூரில் என் தொம்மலூர் வீட்டுக்கே வந்துவிட்டாள். இருபத்திரண்டில் ஒருத்தி, பகலெல்லாம் மருந்துக்கடையில் வேலை. "ஓசூர்ல ஒரு ஸ்கூல்ல எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்காங்க மேடம். நீங்க போட்டாத்தான்..." அழுதாள்.

"க்ளாஸ்ல போய் நின்னு என்ன பண்ணுவ?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

அவள் போனதும் என் கணவர் கேட்டார்: "அந்த மூணு வெளிய வந்தா உன் பேரு என்ன ஆகும் வனஜா?"

அதானே. எனக்கு எதுக்கு இவ்ளோ பயம் — வேலை போயிடும்னா, மாட்டிக்குவேன்னா?

மார்ச் 14
சொல்லிவிட்டேன்.

குழுவின் தலைவர் பயிற்சிப் பதிவேட்டைக் கேட்டார். "இந்த இருபத்திரண்டு பேரும் போகல சார். ரெண்டு வருஷம் முன்னாடி மூணு பேருக்கு நானே பொய்யா கையெழுத்துப் போட்டிருக்கேன். அதையும் எழுதிக்குங்க."

கோவிந்தப்பா என்னைப் பார்க்கவே இல்லை.

மார்ச் 17
சஸ்பெண்ட். அறைச் சாவியைக் கொடுத்துவிட்டேன்.

மே 20
வேலை நீக்கம். இனி எந்தக் கல்லூரியிலும் பிரின்சிபால் ஆக முடியாது. இருபத்திரண்டு பேரும் ஜூனிலிருந்து பள்ளிக்குப் போனால்தான் பட்டம். ஒன்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்களாம்.

சௌம்யாவிடமிருந்து வாட்ஸ்அப்: "உங்க நல்ல பேருக்காக என் வேலை போச்சு."

எந்த நல்ல பேர்?

ஜூலை 8
சௌம்யா போன் செய்தாள். பெயர் கொடுத்த ஒன்பது பேரில் அவளும் ஒருத்தி. "நாளைக்கு ஆறாம் க்ளாஸுக்குக் கணக்குல பின்னம் எடுக்கணும். பயமா இருக்கு மேடம். வர்றீங்களா?" வேறெதுவும் பேசவில்லை.

ஜூலை 9
தலைமையாசிரியை அனுமதித்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அவளுடைய பயிற்சிக் குறிப்பேட்டில் கையெழுத்துப் போட எனக்கு இனி உரிமையில்லை. புது பிரின்சிபால் போடுவார்.

இரண்டாவது கணக்கில் தடுமாறினாள். முன்வரிசையில் இரண்டு பெண்கள் சிரித்தார்கள். சௌம்யா என்னைப் பார்த்தாள். நான் குனிந்துகொண்டேன்.

கரும்பலகையை முழுக்க அழிக்கும் சத்தம்.

"எனக்கே தப்பாப் போச்சு. முதல்லேருந்து போடலாமா?" என்று பிள்ளைகளைக் கேட்டாள்.

எல்லோரும் நோட்டில் புதுப் பக்கம் திருப்பினார்கள்.