தலைவர் இறால் உரிக்கிறார்

பிப்ரவரி 3
இன்று நான் ஊராட்சித் தலைவராகிவிட்டேன், ஷெட்டில் இறால் உரித்துக்கொண்டிருக்கும்போதே. இந்த முறை தலைவர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. ஷெட் முதலாளி பாப்பிராஜு ஐயா கோயிலுக்கு மண்டபம் கட்டித் தருவதாகச் சொல்லி அதை ஏலத்தில் எடுத்துவிட்டார். யார் பெயரைப் போடுவது என்பது அவர் விருப்பம். போட்டியே இல்லை.

ஷெட்டில் நாற்பது பெண்கள் இருக்கிறோம். ஏன் என்னை?

மேனேஜர் சூரிபாபு சிரித்தார். "நீதானே எதிர்த்துப் பேச மாட்டே, சுவார்த்தா!"

பிப்ரவரி 9
தலைவர் என்னதான் செய்வார்? வீட்டுக்காரரிடம் கேட்டேன். "கையெழுத்துப் போடுவாங்க." எதில்? அவருக்கும் தெரியவில்லை.

பிப்ரவரி 20
தெரிந்துவிட்டது. சூரிபாபு காகிதத்தோடு ஷெட்டுக்கே வந்தார். கையுறையைக் கழற்றிவிட்டு, "படிச்சிட்டுத் தரேன்" என்றேன்.

"இதுல படிக்க என்ன இருக்கு?"

அதைத்தானே பார்க்க நினைத்தேன்! முதலாளியின் புது இறால் பண்ணைக் கழிவு, நாங்கள் குடிக்கும் குளத்து வாய்க்காலில் விழுமாம். ஊராட்சிக்கு அதில் ஆட்சேபணை இல்லையாம்.

கையெழுத்துப் போடவில்லை. காகிதத்தைத் திருப்பியும் கொடுக்கவில்லை.

பிப்ரவரி 21
கேட்டில் வாட்ச்மேன்: "உன் பேரு லிஸ்ட்ல இல்லம்மா."

பிப்ரவரி 22
வேலை இல்லாததால் ஊராட்சி அலுவலகத்துக்குப் போனேன். பதவி வந்தபின் இதுதான் முதல் தடவை. இங்கிருந்தும் என்னை முதலாளி நிறுத்த முடியுமா என்று செயலரிடம் கேட்டேன். அவர் வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "முடியாதும்மா. கிராம சபை வேணாம்னு சொல்லிட்டா அந்தக் காகிதமும் செல்லாது."

இதை ஏன் யாரும் எனக்குச் சொல்லவில்லை?

மார்ச் 1
என்னோடு உரிக்கும் நாகரத்னம் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். "போட்டுத் தொலையேன் அக்கா! நீ போடலேன்னா எங்களுக்கும் வேலை இல்லேங்கறான் சூரிபாபு."

அழுதுவிட்டேன். இவர்கள் சோற்றில் மண்ணைப் போட நான் யாரு? காகிதத்தை எடுத்து உரக்கப் படித்தேன். முடித்ததும் நாகரத்னம்தான், "அப்ப தண்ணிக்கு எங்க போறதாம்?" என்றாள்.

மார்ச் 7, ஞாயிறு
நான் கூட்டிய கிராம சபை. "பண்ணைக் கழிவு வேணாங்கறவங்க கையைத் தூக்குங்க" என்றேன். முதல் கை நாகரத்னம். பிறகு ஐஸ் தண்ணீரில் வெளுத்துப்போன கைகள் ஒவ்வொன்றாக, ஷெட் மொத்தமும்.

வாசலில் சூரிபாபு பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார். பக்கம் தீர்ந்து அடுத்த பக்கமும் புரட்டினார்.

எழுதட்டும். எல்லாரையும் நிறுத்திவிட்டால் நாளை வந்து இறங்கும் இறாலை யார் உரிப்பார்கள்? பாப்பிராஜு ஐயாவா? பார்க்க எனக்கே ஆசையாக இருக்கிறது. காலை ஆறு மணிக்குக் கேட்டுக்குப் போகிறேன்.