ஆடிட்டருக்குச் சொல்கிற பதில்

ஜூலை 7, திங்கள்

காற்று. ஆடி இன்னும் பிறக்கவில்லை, அதற்குள் இந்த ஆட்டம். மாடியில் காயப்போட்ட போர்வை பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில். எடுக்க நேரமில்லை. வீட்டுக்காரர் அருள் எடுப்பார் (எடுக்க மாட்டார்).

பத்து மணிக்குக் கூட்டம். துறைத் தலைவர்கள் ஆறு பேரும். நிவேதா மேடம் எங்கள் போனில் ஒரு ஆப் ஏற்றிக் கொடுத்தார். எம்.டி.யின் மகள், வெளிநாட்டில் படித்துவிட்டு இப்போதுதான் எங்கள் பனியன் கம்பெனிக்கு வந்திருக்கிறார். மன அழுத்தத்தைக் குறைக்கிற ஆப்பாம். காலையில் சில கேள்விகள், மதியம் மூச்சுப் பயிற்சி, சாயங்காலம் மறுபடி கேள்விகள். பதிலைப் பார்த்து அது ஒரு நிறம் கொடுக்கும். பச்சை, மஞ்சள், சிவப்பு. பதில் நமக்கு மட்டும். நிறம் மேடத்துக்கும் போகும்.

“நல்லா வேலை செய்யறவங்கதான் முதல்ல உடைஞ்சு போறாங்க. உங்களை எல்லாம் இழக்க எங்களால முடியாதுங்க” என்றார். நல்ல பெண். மனதாரத்தான் சொன்னார்.

சண்முகம், புரொடக்‌ஷன் மேனேஜர்: “ஏனுங்க, மூச்சு விடறதுக்கும் டார்கெட்டுங்களா?”

எல்லோரும் சிரித்தோம். அப்புறம் எம்.டி. எழுந்தார். பெருமாநல்லூர் ரோட்டில் கட்டுகிற புது யூனிட்டுக்கு வெளியாள் எடுக்கப் போவதில்லை, இந்த அறையில் இருக்கிற ஒருவர்தான் தலைமை, இந்த மாதமே சொல்லிவிடுவேன் என்றார். சிரிப்பு நின்றது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

எனக்கு வேண்டும். இங்கே எழுத என்ன வெட்கம். செக்கிங் டேபிளில் பிசிறு நூல் வெட்டுகிற பெண்ணாகச் சேர்ந்தவள். இன்று கம்ப்ளையன்ஸ் மேனேஜர். இந்தக் கம்பெனியில் ஒரு யூனிட்டுக்கும் பெண் தலைமை கிடையாது. என்னைவிட நன்றாக அதை நடத்த அந்த அறையில் ஆள் இல்லை. சண்முகம் உட்பட.

சிலிண்டர் புக் செய்ய வேண்டும்.

ஜூலை 8, செவ்வாய்

ஆப்பின் முதல் கேள்வி: நேற்று எப்படித் தூங்கினீர்கள்? மிக நன்றாக. அடுத்தது: காலையில் எழும்போது மனம் எப்படி? தெளிவாக. உடம்பில் வலி? இல்லை. வேலையை நினைத்தால்? உற்சாகம். பச்சை வந்தது. ஒரு பொம்மை கைதட்டியது.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. என் வேலையே இதுதானே. சரக்கு வாங்குகிற வெளிநாட்டு கம்பெனி, ஆட்களைச் சரியாக நடத்துகிறோமா என்று பார்க்க அனுப்புகிற ஆடிட்டர் வந்து தையல் லைனில் இருக்கிற பெண்களிடம் கேள்வி கேட்பார். அதற்கு முந்தின வாரம் நான் உட்கார்ந்து பழக்குவேன். கேட்டதற்கு மட்டும் பதில். கூட ஒரு வார்த்தை வேண்டாம். சிரித்த முகம். தெரியாவிட்டால் சூப்பர்வைசரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல். ஒரிசாவில் இருந்து வந்த பெண்களுக்கு என் ஓட்டை இந்தியில். இதுவரை ஒரு ஆடிட்டிலும் நாங்கள் தோற்றதில்லை. கழுத்தைப் பிடித்துக் கேட்டாலும் பாஸ் ஆகிற பதில்தான் வரும்.

தாடை வலி. குளிர்ந்த தண்ணீர் குடித்ததால் இருக்கும்.

ஜூலை 9, புதன்

தூறல். மண் நனையவில்லை. போர்வை இன்னும் முருங்கையில்தான்.

சண்முகம் என் மேஜைக்கு வந்தார். முகம் தொங்கிப்போய். முதல் நாளே சிவப்பாம். “உள்ளதைச் சொன்னேனுங்க மேடம். தூக்கம் இல்லை, சுகர் ஏறிக் கெடக்குது, ஊட்டுக்குப் போனா புள்ளைங்ககிட்ட எரிஞ்சு எரிஞ்சு விழறேன்னு போட்டேன். செவப்பு காட்டுதுங்க. புது யூனிட் நேரத்துல இது நெம்பத் தப்பாப் போயிருமுங்களே.”

பாவமாக இருந்தது. அவர் எனக்குப் போட்டி என்பதுகூட நினைவில்லை, பழக்க தோஷம். பட்டனும் லேபிளும் வைக்கிற ஸ்டோருக்குக் கூட்டிப்போனேன், அங்கேதான் சத்தம் இருக்காது. எந்தக் கேள்விக்கு எது பச்சை என்று சொல்லிக் கொடுத்தேன். ஒன்று மட்டும் சேர்த்தேன்: எல்லாவற்றுக்கும் ‘மிக நன்று’ போடாதீர்கள், சந்தேகம் வரும், நடுவில் ஒரு ‘நன்று’ போடுங்கள்.

“நீங்க டீச்சரா இருந்திருக்கோணுமுங்க” என்றார்.

மதியத்துக்குள் விஷயம் பரவி கட்டிங், பேக்கிங், மெர்ச்சன்டைசிங், அக்கவுன்ட்ஸ் எல்லோரும் ஸ்டோருக்கு வந்து போனார்கள். சாயங்காலம் ஆறு பேரும் பச்சை. எனக்குப் பெருமையாக இருந்தது. இதையும் எழுதிவைக்கிறேன்.

மூச்சுப் பயிற்சி செய்யவில்லை. செய்ததாகத் தட்டிவிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

இட்லி சாப்பிடும்போது கடைவாய்ப் பல் உடைந்தது. இட்லி! அருள் சிரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பெர்மிஷன் போட்டு பல் டாக்டரிடம். அருளும் கூட வந்தார்.

டாக்டர்: “தூக்கத்துல பல்லைக் கடிப்பீங்களா?”

நான்: “இல்லீங்க டாக்டர்.”

“டென்ஷன் ஏதாச்சும்?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க.”

“தூக்கம்?”

“நல்லாத் தூங்கறேனுங்க.”

திருப்பூருக்கு வந்து இத்தனை வருடத்தில் என் வாயில் ‘ங்க’ தானாக வருகிறது. அருள் வாயில் இன்னும் திருநெல்வேலிதான். அவர் ஸ்டூலில் இருந்து எழுந்தே விட்டார்.

“டாக்டர், பக்கத்துல படுக்கது நான்தான? நறநறன்னு கடிக்கா. அம்மில அரைக்க மாதிரி சத்தம். போன் அடிச்சா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிக்கா.” பிறகு என்னிடம்: “ஏட்டி, டாக்டர்ட்டயே பொய் சொல்லுத. அவரு என்ன ஆடிட்டரா?”

டாக்டருக்குச் சிரிப்பு. பல் தேய்ந்திருப்பதைக் கண்ணாடி வைத்துக் காட்டினார். ஒரு பக்கம் முழுக்க மழுங்கிக் கிடக்கிறது. தூங்கும்போது பல்லில் மாட்டிக்கொள்ள ஒரு உறை செய்து தருவாராம்.

வரும் வழியில் அருளோடு பேசவில்லை. கோபம். அவர் சொன்னது சரி என்பதால் வந்த கோபம். பொய் சொல்லவேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. டாக்டர் கேட்டார், வாய் பதில் சொன்னது. நடுவில் நான் இல்லை.

சாயங்காலம் ஆப். உடம்பில் வலி? இல்லை. பச்சை. பல் உடைந்த நாளிலும்!

ஜூலை 11, வெள்ளி

கட்டிங் ஹாலில் சண்முகம் மயங்கி விழுந்தார்.

மேஜையைப் பிடித்தபடியே சரிந்தார், நல்லவேளை தலை அடிபடவில்லை. சர்க்கரை தாறுமாறு. கம்பெனி வேனில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ஆபத்தில்லை, ஓய்வு எடுத்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

நிவேதா மேடம் பதறிப்போய் ஓடிவந்தார். “காலையில பச்சைதானேக்கா இருந்துச்சு? சிவப்புன்னா நானே போய்ப் பேசியிருப்பேனே. செவ்வாய்க்கிழமை சிவப்பு வந்தப்ப பேசணும்னு குறிச்சு வெச்சேன். அப்புறம் சரியாயிருச்சேன்னு விட்டுட்டேன்.”

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கேட்கிறேன் என்று நகர்ந்துவிட்டேன்.

மதியம் என்னை அவர் அறைக்குக் கூப்பிட்டார். முதல் நாளில் இருந்து விடாமல் பச்சை நான் ஒருத்திதானாம். திங்கட்கிழமை கூட்டத்தில் எம்.டி. முன்னால் எல்லோருக்கும் நான் அதைப் பற்றிப் பேசவேண்டுமாம். “அப்பாகிட்ட உங்க ரிப்போர்ட்டைக் காட்டினேன்க்கா. அந்த யூனிட்டுக்கு இப்படி ஒருத்தர்தான் வேணும்னார்.”

ஏறக்குறைய கையில் வந்துவிட்டது. மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

சாப்பிடவில்லை. அருளிடம் அசிடிட்டி என்றேன்.

ஜூலை 12, சனி

சண்முகத்தைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு. ஆரஞ்சுப் பழம் வாங்கிப்போய், சர்க்கரைக்காரர் என்பது வாசலில்தான் உறைத்தது. அவருடைய வீட்டம்மா சிரித்தபடி வாங்கிக்கொண்டார்.

“என்னாலதான்” என்றேன் அவரிடம்.

“அட ஏனுங்க மேடம். நீங்க சொல்லிக் குடுக்காட்டி நானா கண்டுபுடிச்சுப் போட்டிருப்பேன். நம்ம ஆளுங்களுக்கு நல்லாருக்கறோம்னு சொல்லித்தானுங்க பழக்கம்.”

ஆறுதலாகச் சொன்னார். ஆறுதலாக இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

சர்ச்சுக்குப் போய்வந்தோம். பிரசங்கம் காதில் விழவில்லை. காற்று கொஞ்சம் அடங்கியிருக்கிறது. அருள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஆப்பைத் திறந்தேன்.

ஒவ்வொரு கேள்வியையும் சத்தமாக வாசித்தேன். வாய் முந்திக்கொண்டு பதில் சொல்லும்போதெல்லாம் அருள் என்னைப் பார்த்தார். மறுபடி வாசித்தேன். தூக்கம் மோசம். வலி உண்டு. எழும்போது பயம். கடைசியாக எப்போது நிம்மதியாக இருந்தீர்கள் என்பதற்கு ‘நினைவில்லை’ என்று போட்டேன்.

சிவப்பு. உலகம் இடிந்து விழும் என்று பார்த்தேன். ‘சொன்னதற்கு நன்றி. இதை வேறு யாரிடமாவது சொல்லியிருக்கிறீர்களா?’ என்று கேட்டது.

அழுதுவிட்டேன். அருள் வெங்காயத்தின் மேல் பழியைப் போடச் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் ஆப் வேலை செய்ய ஆரம்பித்தது. பச்சையில் இருந்தவரை கைதட்டுகிற பொம்மை மட்டும்தான். சிவப்புக்குப் பின்னால் ஒரு வீடே இருக்கிறது! தூங்கப் போகுமுன் செய்கிற பயிற்சி. கவலையை என் கையில் இருப்பது, இல்லாதது என்று பிரித்து எழுத ஒரு பக்கம். வேறு ஆளிடம் கொடுக்கக்கூடிய வேலை எது என்று ஒரு கேள்வி. எழுத எழுத வந்தது: ஐ.டி. கார்டு, கேன்டீன் புகார், வேன் நேரம். எதையும் நான் செய்யவேண்டியதில்லை. எதற்கும் முடியாது என்று சொன்னதில்லை, அவ்வளவுதான்.

மூச்சுப் பயிற்சி. நிஜமாகவே செய்தேன். தோள் இரண்டும் இறங்கின. இத்தனை நாள் தூக்கி வைத்திருந்தது இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

நாளைக்குச் சொல்லிவிடப் போகிறேன். புது யூனிட் போய்விடும். வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கிறது. நான் அதற்காகவே பிறந்தவள் போல அந்தக் கட்டிடத்தை மனசுக்குள் எத்தனை தடவை சுற்றிவந்திருக்கிறேன்.

ஜூலை 14, திங்கள்

சொல்லிவிட்டேன்.

எழுந்து நின்றேன், குரல் நன்றாகத்தான் வந்தது. “பச்சைக்கு வழி சொல்லச் சொன்னீங்க மேடம். வழி ஒண்ணுதான், உள்ளதைச் சொல்லாம இருக்கணும். இங்க எல்லாருக்கும் அதைச் சொல்லிக் குடுத்தது நான். சண்முகம் சாருக்கும். இதுதான் என்னோட நிஜ நிறம்.” போனைத் திருப்பிக் காட்டினேன்.

கட்டிங் மாஸ்டர் தன் போனைச் சட்டைப் பைக்குள் வைத்தார். எம்.டி. என்னையே பார்த்தார், பிறகு ஜன்னலை. “செரி. டீ குடிச்சுப்போட்டு வேலையைப் பாருங்க” என்று எழுந்து போய்விட்டார்.

நிவேதா மேடம் பிறகு என் இடத்துக்கு வந்தார். கண் கலங்கியிருந்தது. “என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேக்கா.”

“நிறம் உங்க அப்பா மேஜைக்குப் போகுது. பதவி உயர்வும் அதே மேஜையில இருந்துதான் வருது. யாரு மேடம் சொல்லுவாங்க?”

யோசித்தார். இனி நிறம் யாருக்கும் போகாது, தனக்கும் வேண்டாம், உதவி வேண்டுமென்று அவரவர் தட்டினால் மட்டும் வரட்டும் என்றார். புத்திசாலிப் பெண். தப்பை ஒப்புக்கொள்ள அரைநாள்கூட எடுக்கவில்லை.

சண்முகம் போனில்: “போச்சுங்களே மேடம். உங்களுக்குத்தான்னு எல்லாருமே நெனச்சோமுங்க.”

போனால் போகட்டும். யாரைப் போட்டாலும் முதல் ஆடிட்டுக்கு என்னிடம்தான் வரவேண்டும். துக்கம் இருக்கிறது, வெட்கம் இல்லை. டாக்டர் கொடுத்த பல் உறையை மாட்டிக்கொண்டு படுக்கப் போகிறேன்.

ஜூலை 15, செவ்வாய்

விடியும்வரை தூங்கினேன். அருள் சாட்சி.

பதினொரு மணிக்கு எம்.டி. கூப்பிட்டு அனுப்பினார். கார் ஏறச் சொன்னார். எங்கே என்று சொல்லவில்லை. பெருமாநல்லூர் ரோடு. புதுக் கட்டிடத்துக்கு முன்னால் இறங்கினோம். உள்ளே சிமென்ட் வாசனை, லைன் போட வேண்டிய இடமெல்லாம் காலியாக.

“முப்பது வருசமா கம்பெனி நடத்தறேன் அம்மிணி. என்ன கேட்டாலும் ஆச்சுங்க, முடிச்சுப்போடலாமுங்கன்னுதான் சொல்லுவாங்க. சரக்கு நின்னு போனப்பறந்தான் எனக்குத் தெரியும். நேத்து நீங்க பேசறப்ப கோவமாத்தானுங்க இருந்துச்சு. ஊட்டுக்குப் போயி ஒக்காந்து யோசிச்சேன்.” காலி ஹாலைக் கையால் காட்டினார். “இதை நீங்களே பாத்துக்கோங்க.”

கால் தரையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். நன்றி சொன்னேனா என்பதுகூட நினைவில்லை.

அவர் அதற்குள் அடுத்ததற்குப் போய்விட்டார். “ஆவணி மொத முகூர்த்தத்துல பூஜை போட்டு லைனை ஓட்டிப்போடலாமுங்களா?”

அவசர வழிப் படிக்கட்டு இன்னும் வெறும் கம்பியாக நிற்கிறது. ஆள் எடுக்கவில்லை. சண்முகம் குணமாகி வரவேண்டும். ‘ஆச்சுங்க சார்’ என்பது பல்லுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டது.

“முடியாதுங்க சார்” என்றேன்.

எம்.டி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

“அப்ப எப்பங்க முடியும்?”

“யோசிச்சு நாளைக்குச் சொல்றேனுங்க” என்றேன்.