நீலக் கட்டம் போட்ட சட்டை

என் கண்ணே,

அம்மா நன்றாக இருக்கிறேன். இன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டேன்.

போன வாரம் சலவைக் கடையில் ஒரு நீலக் கட்டம் போட்ட சட்டை இஸ்திரிக்கு வந்தது. அப்பா உயிரோடு இருந்தபோது போட்டுக்கொள்வாரே, அதே மாதிரி. பெட்டியை வைத்தவள் எடுக்க மறந்து நின்றுவிட்டேன். முதுகுப்பக்கம் கருகிவிட்டது. பக்கத்து மேஜைக்காரிதான் பேச்சுப் பராக்கில் கருக்கினாள் என்று நினைத்து, முதலாளியம்மா அவளை வேலையைவிட்டே அனுப்பிவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

மூன்று நாளாக ஜெபத்தில் மன்னிப்புக் கேட்கும் இடம் வந்தால் அதைத் தாண்டிப் போய்விடுவேன். எல்லாம் தெரிந்தவர் முன்னால் எத்தனை நாள் நடிப்பது? நேற்றுக் காலை போய்ச் சொல்லிவிட்டேன்.

"இத அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்றார் முதலாளியம்மா. உடனே ஆள் அனுப்பி அவளைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டார்.

வந்தவள் என்னை முறைத்தாள். எதையும் மறைக்காமல் சொன்னேன். தன் மேஜைத் துணியை உதறி விரித்தாள்.

"நல்லா மாட்டிவிட்டியேக்கா. இனிமே நீலக் கட்டம் வந்தா என் மேஜைக்குத் தள்ளிடு" என்றாள்.

இன்றைக்கு ஒன்று வந்தது. நான் தள்ளவில்லை. நானே தேய்த்தேன். கண் கலங்கத்தான் செய்தது. ஆனால் பெட்டி நிற்கவில்லை.

உனக்காக ஜெபிக்கும்,
அம்மா