ஒப்பாரி இல்லாத முகாம்

அன்புள்ள அம்மாவுக்கு,

அல்லாஹ்வின் கருணையால் நலம். உங்கள் முட்டிவலி தேவலையா?

டார்ஃபூர் சண்டைக்குத் தப்பி நாங்கள் வந்து சேர்ந்த இந்தச் சாட் நாட்டு முகாமில் இப்போது யாரும் சாவதில்லை. சாவு தெரிந்தால் செத்தவரின் சோளப் பங்கை நிறுத்திவிடுகிறார்கள். அதனால் பெண்கள் ஒப்பாரி வைப்பதை விட்டுவிட்டார்கள்.

நேற்று சுற்றிப் பார்க்க வந்த உதவி அதிகாரி, "ஒரு அழுகைச் சத்தம்கூட இல்லையே, நம்ம மருந்து நல்லா வேலை செய்யுது!" என்றார்.

"சாகறதுக்கு எங்கய்யா நேரம்?" என்றாள் பக்கத்துக் கூடாரத்து கல்தூமா. உள்ளே அவள் புருஷன் முகம் மூடிக் கிடந்தான்.

தம்பி யஹ்யாவின் பங்கும் தவறாமல் வருகிறது. இரண்டையும் நானே சாப்பிடுவதால் சற்றுச் சதை போட்டிருக்கிறேன். களிக்கு வெண்டைக்காய்ப் பொடி கொடுத்தனுப்புங்கள்.

வெள்ளிக்கிழமை போன் செய்வேன். அழுவதென்றால் அதற்குள் அழுதுவிடுங்கள். இங்கே சிக்னல் கிடைப்பது அதிகாரியின் கூடாரத்துக்குப் பக்கத்தில் மட்டும்தான்.

கடிதம் கொண்டுபோகும் லாரி கிளம்புகிறது.

உங்கள் மகன்,
ஹாரூன்