அக்காவுக்குக் கதிர்வீச்சு, எனக்கு விரதம்

ஒக். 22, புதன்

விடிய முதல் மழை. கிணற்றடி முழுக்கச் சேறு. கந்தசட்டி விரதம் தொடக்கம். வழக்கம்போல அம்மாவும் நானும் ஆறு நாளும் மிளகும் தண்ணீரும் மட்டும். இம்முறை நேர்த்தி அக்காவுக்காக.

அவளுடைய என்புமச்சை, எலும்புக்குள் இருக்கும் மச்சை, இரத்தம் உண்டாக்குவதை நிறுத்தி ஐந்து மாதம். அப்பாவோடு கொழும்பு ஆஸ்பத்திரியில். அடுத்த செவ்வாய் கதிர்வீச்சு, மறுநாள் என் மச்சையை எடுத்து அவளுக்கு ஏற்றுவார்கள். பாதிப் பொருத்தம்தான். வேறு ஆளில்லை.

பின்னேரம் போனில் அக்கா: "உன்ரை மச்சை வந்தா நானும் உன்னை மாதிரிப் புத்தகப்பூச்சி ஆகிடுவனோடி?"

ஒக். 24, வெள்ளி

வெயில். உயிரியல் வகுப்பில் குறிப்பு பாதியில் நின்றது. தலைச்சுற்று. அரியாலைச் சந்தியிலிருந்து சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்தேன்.

கொழும்பிலிருந்து டொக்டர் போன் எடுத்தார். கதிர்வீச்சில் அக்கா கருகிப் போகமாட்டாளா என்று கேட்டேன்.

"இல்லைப் பிள்ளை. புற்றுநோய்க்குக் குடுக்கிற அளவில்லை. சின்ன அளவு, ஒரே ஒருக்கா. அவவின்ரை உடம்பு உம்மடை மச்சைக் கலங்களைத் துரத்தாமல் இருக்கிறதுக்கு."

"அதுக்குப் பிறகு?"

"அவவுக்கெண்டு எதிர்ப்புச் சக்தி இராது. உம்மடை மச்சை வந்தே ஆகோணும்."

காய்ச்சல்? இல்லை. இருமல்? இல்லை. சாப்பாட்டைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. விரதத்தை யார் டொக்டருக்குச் சொல்வார்கள்?

படுத்தும் நித்திரை இல்லை. வந்தே ஆகோணும்.

ஒக். 25, சனி

முதலில் அம்மாவிடம் சொன்னேன்.

"விரதத்தை முறிக்கிறதோ? கொக்காவுக்கெண்டு வைச்ச நேர்த்தியெல்லோ!"

"அக்காவுக்காகத்தானம்மா."

 நானே டொக்டருக்கு எடுத்தேன்.

"மூண்டு நாள் பட்டினியோ? நல்ல காலம், இப்ப சொன்னீர். செவ்வாய்க்கிழமை கதிர் குடுத்த பிறகு நீர் மயங்கி விழுந்திருந்தா..." 

உடனே இரத்தப் பரிசோதனை. இரத்தம் குறைவு. கதிர்வீச்சு ஒரு கிழமை தள்ளிப் போட்டாயிற்று. அக்கா இன்னும் ஒரு கிழமை ஊரார் இரத்தத்தில். என்னால்.

டொக்டர் சொன்ன சாப்பாடு: பருப்பு, கீரை, ஈரல், முட்டை. கந்தசட்டி நாளில் எங்கள் குசினிக்குள் முட்டை வந்ததே இல்லை. அம்மா முற்றத்தில் மூன்று கல் வைத்து, தூறலுக்குள் குந்தியிருந்து அவித்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"தின். உன்ரை மிச்ச நாள் விரதத்தையும் நான் பிடிக்கிறன்."

உப்பில்லை. கேட்கவில்லை. இரண்டு தின்றேன்.

நவ. 4, செவ்வாய். கொழும்பு

புழுக்கம். நேற்றைய பரிசோதனையில் என் இரத்தம் சரி. ஒன்பதரைக்கு அக்காவைச் சக்கர நாற்காலியில் கொண்டுபோனார்கள். தலையை மழித்திருந்தார்கள். காது பெரிதாய்த் தெரிந்தது.

"பயமோடி?"

"ஓம்."

"எனக்கும்."

கதவு மூடிச் சிவப்பு விளக்கு எரிந்தது. அப்பா சுவரைப் பார்த்தபடி. கொஞ்ச நேரம்தான். வெளியே வந்து சொன்னாள்: "ஒண்டும் தெரியேல்லை. சும்மா படுத்துக் கிடந்தன்."

அவளுக்குத் தெரியவில்லை. இனி அவள் உடம்பு யாரையும் துரத்தாது. யார் வந்தாலும்.

நாளை காலை ஏழு மணிக்கு நான்.