ஞாயிற்றுக்கிழமை வாந்தி

உறுவையாறு
24.08.2025, ஞாயிறு, காலை 9.40
இதுவரை வாந்தி: ஒன்று

அன்புள்ள நடேசன் மாமா அவர்களுக்கு,

உங்கள் மருமகன் புகழேந்தி வணக்கத்துடன் எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பித்தால் அது பாதிப் பொய். வயிறு இன்னும் கலங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் நேற்று ராத்திரி நான் சாராயம் குடிக்கவில்லை, மாத்திரை போட்டேன். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பைக்கில் கொஞ்ச நேரத்தில் வந்துவிடுகிற தூரத்துக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போன் செய்தால் "அப்பறம் பேசலாம் மாப்ள" என்று வைத்துவிடுகிறீர்கள். நேரில் வந்தால் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. ஆடிக்கு அங்கே வந்த வைஜெயந்தியை ஆவணி பிறந்த அன்று அழைத்துப்போக வந்தேன். "பொண்ணு கொஞ்ச நாளு இங்கியே இருக்கட்டும்" என்றீர்கள். வண்டியைத் திருப்பினேன். கோபத்தில் கிக்கரை உதைத்ததில் முட்டி வீங்கி, வேலைக்கு நொண்டிக்கொண்டு போனேன். தாளில் எழுதினால் நீங்களும் வைத்துவிட முடியாது, நானும் எதையும் உதைக்க முடியாது.

கையெழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்து அதையும் குடிக் கணக்கில் சேர்க்காதீர்கள். காலையில் என் விரல்கள் சரியாக மடங்காது. வெயில் ஏறினால் சரியாகும். அதுவரை காத்திருக்க எனக்கு மனமில்லை.

ஆடிப்பெருக்கு விஷயத்துக்கு வருகிறேன். திருபுவனை பேக்டரியில் நான் செய்யும் வேலையே, ஓடிக்கொண்டிருந்த மெஷின் ஏன் நின்றது என்று அறிகுறிகளை வைத்துக் கண்டுபிடிப்பதுதான். அதனால் உங்கள் பக்கமிருந்து யோசித்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, பாகூர் ரோட்டில், சாராயக்கடைக்கு எதிரிலேயே புது மாப்பிள்ளை வண்டியை நிறுத்தி வாந்தி எடுக்கிறான். உங்கள் பங்காளி கலியன் மாமா பார்த்துவிட்டு, "நேத்து எவ்ளோ ஏத்துன மாப்ள?" என்று சிரிக்கிறார். அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போகிறான். வீட்டுக்கு வந்தவன் வாயில் ஏலக்காய் மணக்கிறது. தண்ணீர்ச் சொம்பை இரண்டு கையாலும் பிடிக்கிறான். அம்சவள்ளி அத்தை கூழ் ஊற்றிக் கருவாட்டுக் குழம்பைக் கொண்டுவந்து வைத்ததும் எழுந்து கொல்லைக்கு ஓடுகிறான். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் பார்க்கிறார்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் குடிகாரன் என்றுதான் முடிவு செய்திருப்பேன். அறிகுறி எல்லாம் சரி. முடிவு மட்டும் தப்பு.

பெண் பார்க்க வந்த அன்றே, எனக்கு முடக்குவாதம் இருக்கிறது, வலி தினமும் இருக்கும், ஆயுசுக்கும் மருந்து என்று உங்களிடம் சொன்னேன். "நாத்து நட்ற ஊர்ல வலி இல்லாதவன் யாரு மாப்ள" என்று சொல்லிப் பெண் கொடுத்தீர்கள். வலி எல்லாருக்கும் புரிந்துவிடுகிறது. குமட்டல்தான் ஒருத்தருக்கும் புரிவதில்லை. மூட்டு கோணிப்போகாமல் காப்பாற்றுவது வாரத்தில் ஒரே ஒரு நாள் போடுகிற மாத்திரை. போட்டால் மறுநாள் வயிற்றைப் புரட்டும். ஓடுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் அப்படி நின்றால் கை போய்விடும். அதனால் சனிக்கிழமை ராத்திரி போடுகிறேன். லீவு நாளோடு போகட்டும் என்று கணக்குப் போட்டேன். சனிக்கிழமை குடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கவிழ்ந்து கிடக்கிற ஆட்கள் தெருவுக்குத் தெரு இருக்கிற ஊரில் அது எப்படித் தெரியும் என்ற கணக்கு அதில் இல்லை.

ஏலக்காயும் நாற்றத்தை மறைக்க இல்லை. தொண்டை வரைக்கும் எழும்பும்போது மென்றால் எனக்குக் கொஞ்சம் அடங்கும், அவ்வளவுதான்.

கூட வேலை செய்யும் பாக்யராஜ், முன்பு ஒருநாள் நான் குமட்டிக்கொண்டு நின்றபோது "இன்னாடா, பொண்டாட்டிக்கு முன்னாடி உனக்கு மசக்கையா?" என்று கேட்டவன். இப்போது அவன் ஒரு யோசனை சொல்கிறான். "நாள மாத்துடா. செவ்வாக்கெழம எடுத்தா நோயாளி, ஞாயித்துக்கெழம எடுத்தா குடிகாரன்." மாற்ற மாட்டேன். என் மானத்தைப் பார்த்து பெல்ட் நிற்காது.

மாற்ற வேண்டியதை மாற்றிவிட்டேன். டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இவ்வளவு வாந்தியைப் பொறுத்துக்கொண்டு இருக்க வேண்டியதே இல்லை, முதலிலேயே சொல்வதற்கென்ன என்று திட்டினார். இப்போது சாயங்காலம் பாதி, படுக்கும்போது மீதி என்று பிரித்துக் கொடுத்திருக்கிறார். அதற்கு முன்னால் குமட்டலை அடக்க ஒரு மாத்திரை. அவரே மாதாமாதம் ரத்தம் எடுத்துக் கல்லீரலைப் பார்க்கிறார். இந்த மருந்தோடு குடித்தால் கல்லீரல் போய்விடும், எனக்கு அந்த ஆசை இல்லை.

மீதி வைத்தியம் உங்கள் மகள் கண்டுபிடித்தது. சூடான சாப்பாட்டின் வாசனைதான் என்னைக் கவிழ்க்கிறது என்று ஆடிக்கு முன்பே பிடித்துவிட்டாள். பழையசோற்றில் மோர் விட்டுப் பிசைந்து, ஒரு வேளைச் சோற்றை நாலு வேளையாக்கி, "ஆறுனதுக்கு வாசன கெடயாது, துன்னுங்க" என்று கையில் உருட்டிக் கொடுப்பாள். இப்போது நானே பிசைந்துகொள்கிறேன். சோறு அதே சோறுதான். ஆடிப்பெருக்கன்று நாலு தடவை. போன வாரம் இரண்டு. இன்று ஒன்று. இறங்குகிறது, மாமா. இதை நான் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிடுவேன்.

ஒரு விஷயம் எனக்கு முந்தாநாள்தான் தெரியும். வைஜெயந்தியின் அக்கா புருஷன் வாந்தி எடுக்கும்போதும் அதே கொல்லையில், அதே தென்னை மரத்தடியில், நீங்கள்தான் தண்ணீர் ஊற்றுவீர்களாம். அவர் குடித்துக் குடித்தே செத்துப்போகும் வரைக்கும். ஆடிப்பெருக்கன்று நீங்கள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தண்ணீர் ஊற்றினீர்கள், முதுகைத் தடவிவிட்டீர்கள். அந்தக் கை ஏற்கெனவே பழகிய கை என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன்.

வைஜெயந்தி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாளாம். "உங்க அக்காவும் இப்டிதாம்மா சொன்னா" என்றீர்களாம். பேசாமல் பஸ் ஏறி வந்துவிடு என்று நான் கத்தினேன். "திருட்டுத்தனமா வந்தா நீங்க குடிச்சது நெசமாயிடும். எங்கப்பா வாயால போன்னு சொல்லட்டும், வரேன்" என்கிறாள். என்னைவிட அவளுக்குத்தான் என் பெயர்மேல் அக்கறை.

என்னை நம்புங்கள் என்று கேட்கவில்லை. மூத்த மாப்பிள்ளையை நம்பி நீங்கள் பட்டது போதும். வந்து பாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அத்தைக்கும் அக்காவுக்கும் என் வணக்கம். கருவாட்டுக் குழம்பை அப்படியே விட்டு ஓடியதற்கு அத்தை மனசில் எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம். ஆறவைத்துக் கொடுத்தால் ஒருநாள் சாப்பிட்டுக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்
புகழேந்தி

இனி நான் செய்யப்போவது:

1. புதன்கிழமை ரத்தப் பரிசோதனை. முடிவை முதலில் கலியன் மாமாவிடம்தான் காட்டுவேன். அப்புறம் சிரிக்கட்டும்.

2. சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் செலியமேட்டுக்கு வந்து உங்களை வண்டியில் ஏற்றிக்கொள்வேன். மாற்று வேட்டி எடுத்து வையுங்கள். ராத்திரி எங்கள் வீட்டில்தான் படுக்கை.

3. மாத்திரையை உங்கள் கண்ணெதிரே போடுவேன். விரலில் பலம் இல்லாததால் அட்டையை நோஸ் பிளையரால்தான் உடைப்பேன், பயப்படாதீர்கள். ஆடி வரைக்கும் அதை உடைத்துத் தர ஆள் இருந்தது.

4. ஞாயிற்றுக்கிழமை காலை வாந்தி வந்தால் உங்களுக்கு முன்னாலேயே எடுப்பேன். வாயை மோந்து பாருங்கள். வரவில்லை என்றால், பழையசோறு இரண்டு பேருக்கும் இருக்கிறது.

5. மதியம் உங்களைச் செலியமேட்டில் கொண்டுவந்து இறக்குவேன். வாசலில் வண்டியை அணைக்க மாட்டேன். பின்சீட்டைத் துடைத்துவிட்டு நிற்பேன். அதற்கு மேல் செய்ய வேண்டியவன் நான் இல்லை, மாமா.