துளையில் அப்பிய சந்தனம்

சனிக்கிழமை, காலை 8.20. ஏவுதளம்

இன்று விமானத்தடியில் நின்றவர்கள்: திட்டத் தலைவர் செண்பகராமன், கட்டுப்பாட்டு அறைத் தாணுலிங்கம், எஞ்சின் பார்க்கும் ஜெபசெல்வி, பூசை போடும் டிரைவர் ஆறுமுகப்பெருமாள். ஐந்தாவது ஆள் நான், வடிவு. கிழட்டு உடம்பு இந்த வேகத்தைத் தாங்குமா என்று பார்க்க என்னை ஏற்றியிருக்கிறார்கள். ஓட்டுவது கம்ப்யூட்டர். நான் பேசுவதை இந்தப் பெட்டி எழுதிக்கொள்ளும்.

8.45. கதவு மூடியாயிற்று

பூசணிக்காய் உடைத்தார்கள். எஞ்சினின் காற்றுவாய் விளிம்பில் வரிசையாகச் சந்தனப் பொட்டு. ஹெட்செட்டில் ஜெபசெல்வியும் செண்பகராமனும் பேசியது கேட்டது:

"சார், காத்தழுத்தம் பாக்குற துளையில சந்தனம் அப்பியிருக்கு. தொடச்சிரட்டா?"

"ஒம்போது மணிக்கு ராகுகாலம், செல்வி. சூட்டுல தானா உதுந்துரும். தள்ளிப் போ."

8.58. வானம்

ராக்கெட் தூக்கிவிட்டுக் கழன்றது. எஞ்சின் பற்றிக்கொண்டது. இதில் சுற்றுகிற விசிறி கிடையாது. போகிற வேகமே காற்றை வாய்க்குள் திணித்து அமுக்கும்; அதில் ஹைட்ரஜன் எரியும். உள்ளே ஓடும் காற்றுகூட ஒலியைவிட வேகம். நின்ற இடத்தில் பற்றாது, அதனால்தான் முதலில் ராக்கெட். வேகம் குறைந்தால் அணையும். துளை சொல்கிற அழுத்தத்தை நம்பித்தான் காற்றுவாயின் மடக்குத் தகட்டைக் கம்ப்யூட்டர் திருப்பும். எல்லாம் ஜெபசெல்வி சொல்லித் தந்தது. எனக்கு எதுவும் மறக்காது.

9.04

இடி விழுந்த மாதிரி ஓர் அடி. துளை பொய் சொல்லிவிட்டது. தகடு தப்பாகத் திரும்பி, காற்று உள்ளே போகாமல் வாயிலேயே முட்டி நின்றது. எஞ்சின் அணைந்தது.

செண்பகராமன்: "ஆச்சி, ஏதும் சுவிட்சத் தொட்டியளா?"

நான்: "தொடுகதுக்கு இங்க என்னவே இருக்கு? நான் என்ன பச்சப் பிள்ளையா? ஒம்ம சந்தனத்தப் போய்க் கேளும்!"

9.07

கம்ப்யூட்டர் மறுபடி பற்றவைத்துப் பார்த்தது. பற்றவில்லை; வேகம் போய்விட்டது. கீழே கடல். கட்டுப்பாட்டு அறையில் மைக்கை அணைக்க மறந்துவிட்டார்கள், பாவிகள்.

"எழுதும் தாணுலிங்கம், பயணி கைபட்டு எஞ்சின் நின்னுட்டு."

"சார், அந்தச் சந்தனம்..."

"எந்தச் சந்தனம்? செல்வி, துளைய நீ பாத்தியா?"

ஜெபசெல்வியின் குரல்:

"பாத்தேன் சார். சுத்தமாத்தான் இருந்துச்சு. ஆச்சிதான் எதையாவது தொட்டிருப்பாவ."

9.09

இந்தப் பெட்டியைக் கண்டெடுக்கிறவர்களே, நான் ஒன்றையும் தொடவில்லை. பெல்ட்டுக்குள் கிடக்கிற கை முழங்காலுக்குக்கூட எட்டாது. கிழவி கைநீட்டிக் கெடுத்தாள் என்று என் பேரப்பிள்ளைகளிடம் சொல்வார்கள். சொல்ல விடாதீர்கள். இந்தப் பெட்டி மிதக்கும். செண்பகராமன் அலுவலகத்தில் கொடுக்காதீர்கள், ஊர் நடுவில் வைத்து வாசித்துக்காட்டுங்கள்.

ஆறுமுகப்பெருமாள் சாமி என்று நினைத்து வைத்தான். அவன் மேல் கோபமில்லை. செண்பகராமன் வாயைத் திறந்தாலே பொய். அவனைக் கடல் கேட்கட்டும், நான் கேட்கவில்லை. தெரிந்திருந்தும், கண்ணால் பார்த்திருந்தும்

அலை தெரிகிறது

மன்னிக்க மாட்டேன், செத்தும் மன்னிக்க மாட்டேன், ஜெபசெல்வி